சதுர அடி விலையை வைத்து வீட்டின் உறுதியை அளக்காதீர்கள்

சித்தி மகன் மூன்று வாரம் முன்னால் போன் செய்தான். சென்னை மேடவாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறான், கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "சதுர அடி ஏழாயிரம் சொல்றாங்கண்ணே. நம்ம ஊர்ல ரெண்டாயிரத்து ஐநூறுக்குக் கட்டிக் கொடுக்கிறாங்க. இவ்வளவு வித்தியாசம் இருந்தா கட்டடமும் அந்த அளவுக்கு உறுதியா இருக்கும்ல?"

2019ல் சேலையூரில் ஃபிளாட் வாங்கும்போது நானும் இதையேதான் நம்பினேன். இன்றைக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஏன் என்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வீட்டுக் கடன் வாங்கும் வயதில் இருக்கும் தம்பி தங்கைகள் கணக்கையாவது படித்துவிடுங்கள்.

என் ஃபிளாட் 1,050 சதுர அடி. சதுர அடி 5,400 வீதம் 56 லட்சத்து 70 ஆயிரம். அதில் எனக்கு வந்த யூடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பாகம், 510 சதுர அடி. அந்தத் தெருவில் அப்போது காலி மனை சதுர அடி 5,500க்குப் போனது. பெருக்கிப் பாருங்கள், மண்ணுக்கே 28 லட்சம் ஆகிவிட்டது. மீதி 28 லட்சத்துச் சொச்சத்தை 1,050ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 2,730 வருகிறது. அதற்குள்தான் கட்டடம், லிஃப்ட், கார் நிறுத்தும் இடம், அப்ரூவல் செலவு, பில்டர் கட்டிய வட்டி, அவருடைய லாபம் எல்லாம் அடக்கம்.

அடுத்த வருஷம் என் தம்பி பாளையங்கோட்டையில் வீடு கட்டினான். 5 சென்ட் மனை, சென்ட் மூன்றரை லட்சம். 1,200 சதுர அடி வீடு, காண்ட்ராக்ட் ரேட் 1,900. ஆக 17 லட்சத்து 50 ஆயிரம் மண்ணுக்கு, 22 லட்சத்து 80 ஆயிரம் கட்டடத்துக்கு. என் 2,730ல் இருந்து லிஃப்ட், பார்க்கிங், வட்டி, லாபத்தையெல்லாம் கழித்தால் கம்பிக்கும் சிமெண்டுக்கும் கூலிக்கும் போனது தம்பி செலவழித்ததைவிட ஒன்றும் பெரிதாக இருக்காது. சிமெண்டு மூட்டை தாம்பரத்திலும் பாளையங்கோட்டையிலும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். விலையைத் தூக்கிவிடுவது மண். சென்னையில் நாம் அதிகமாகக் கொடுப்பது ஐ.டி. அலுவலகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் இருப்பதற்காக. அது நியாயமான காரணமே. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் பில்லருக்குள் போவதில்லை.

இன்னொன்று, அந்த 1,050ஐயும் இந்த 1,200ஐயும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. என் வீட்டுக்குள் டேப் பிடித்து அளந்தால் 760 சதுர அடிதான். மிச்சமெல்லாம் சுவர், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதையில் என் பங்கு. ஊரில் 1,200 என்றால் வீட்டின் வெளிச்சுவர் வரைக்கும் அளப்பது. ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு பில்டர் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வெளிச்சுவரைச் சேர்க்காமல் வீட்டுக்குள் இருக்கும் பரப்பைச் சொல்லியே ஆகவேண்டும். அதைக் கேட்டு வாங்கி, மொத்த விலையை அதால் வகுத்துப் பாருங்கள்.

நாங்கள் வாங்கிய காலத்தில் இந்தப் பிரிவினை பத்திரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். நிலத்தின் பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். 2023 டிசம்பரில் இருந்து இரண்டையும் சேர்த்து மதிப்புப் போடும் முறை வந்துவிட்டதால் இனி நாமேதான் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, தரத்துக்கு வருகிறேன்.

குடி வந்து நாலாவது வருஷம், பால்கனி சீலிங்கில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடியது. பெயிண்ட் என்று விட்டுவிட்டோம். ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து, துணி காயப்போடும் ஸ்டாண்டின் மேல் விழுந்தது. காலையில் அந்த இடத்தில்தான் என் மகள் உட்கார்ந்து படிப்பாள். தெரிந்த எஞ்சினியர் ஒருவர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பொத் பொத்தென்று சத்தம். உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தது. கம்பிக்குக் கீழே கான்கிரீட் எவ்வளவு கனம் என்று காட்டினார், என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456ன்படி வெயில் மழை படாத தளத்துக்கே குறைந்தது 20 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம் வேண்டும், வெளியே நிற்கும் பால்கனிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். சென்ட்ரிங் தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் அந்த இடைவெளிக்காக வைக்கும், சில்லறைக் காசு பெறும் கவர் பிளாக்கை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். 56 லட்சம் வாங்கிய கட்டடத்தில்!

பில்டர் முதலில் தட்டிக் கழித்தார். ரெரா சட்டத்தின் 14(3) பிரிவில், வீட்டை ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிந்து சொன்னால் 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. அசோசியேஷன் லெட்டர்பேடில் அதைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் ஆள் அனுப்பினார். ஃபிளாட்டில் இருப்பவர்கள் சாவி வாங்கிய தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலரை வருஷம் ஆகும்போது ஒருமுறை வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

தம்பி வீட்டைக் கட்டும்போது அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். ரூஃப் கான்கிரீட் போட்ட மறுநாள் காலையில் அது பலம் பிடிப்பதற்காக மேலே சின்னச் சின்னதாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். பில்லர்களுக்குச் சாக்கு சுற்றியாயிற்று. விடியற்காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை, பொழுது சாய ஒருமுறை அப்பா ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காக்கா எல்லாம் வந்து குளித்துவிட்டுப் போகும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது பெரும்பாலும் கடையில் கிடைக்கிற, சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காயக் கூடாது என்பது விதி. அப்பா 14 நாள் விட்டார். அந்த 14 நாளுக்குக் காண்ட்ராக்டரின் ரேட்டில் ஒரு பைசாகூடக் கிடையாது. அந்த வீட்டில் இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை.

அதற்காக ஊரில் கட்டினால் எல்லாம் உறுதி என்று சொல்ல வரவில்லை. கோவில்பட்டியில் என் அத்தை வீடு இருப்பது கரிசல் மண்ணில். மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும் மண் அது. மண் பரிசோதனை செய்யாமல், பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு ஆழம் தோண்டினாரோ அதே ஆழத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு விரியும், கார்த்திகையில் சேர்ந்துகொள்ளும். வருஷா வருஷம் பூசுகிறார்கள். அண்டர் ரீம்டு பைல், அதாவது ஆழத்தில் இறங்கி அடியில் அகலமாக விரியும் கான்கிரீட் தூண் போட்டிருந்தால் கூடுதலாக ஒன்றிரண்டு லட்சம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். "கம்பி தாராளமா போட்டிருக்கோம்" என்று பெருமையாகச் சொல்லும் மேஸ்திரிதான் கான்கிரீட் சுலபமாக ஓட வேண்டும் என்று கலவை மெஷினில் ஒரு குடம் தண்ணீரைச் சேர்த்து ஊற்றுவார். கலக்கும்போது சேரும் கூடுதல் தண்ணீர் கான்கிரீட்டின் பலத்தைத் தின்றுவிடும், எவ்வளவு கம்பி போட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

2014 ஜூன் 28ல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஏழைத் தொழிலாளர்கள். அது சென்னைப் புறநகர், சென்னை விலை. அந்தச் செய்தியைப் படித்தபோது இருந்த பதற்றம் வீடு வாங்கும் நேரத்தில் எனக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. மாடுலர் கிச்சனையும் டைல்ஸையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தேன்.

சித்தி மகனிடம் இரண்டே விஷயம் சொன்னேன். யூடிஎஸ் எவ்வளவு, கார்ப்பெட் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கு. அப்புறம், அடுத்த தளம் கான்கிரீட் போட்ட பிறகு நாலைந்து நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய் மேலே ஏறிப் பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கிருந்தே கூப்பிட்டான். வியாழக்கிழமைதான் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள்.

"அண்ணே, மேல தண்ணியே இல்லண்ணே. தளம் வெள்ளை வெளேர்னு காஞ்சு கெடக்கு. வாட்ச்மேன்கிட்ட கேட்டா மோட்டார் ரிப்பேராகி ரெண்டு நாளாச்சுங்கிறாரு."

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.