ஈராக்குக்குக் கேட்டதும் வங்கிக்குக் கேட்டதும் ஒரே குரல்தான்

டிரம்ப் எங்கிருந்து முளைத்தார் என்று பேச்சு வந்தால் நம் ஆட்கள் உடனே நிறவெறி, குடியேற்றம், ட்விட்டர் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால் கதையை 2008 செப்டம்பரிலிருந்து படிக்கச் சொல்வேன். ஈராக் போரும் வங்கிச் சரிவும் வந்து முட்டிக்கொண்ட மாதம் அது.

செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவால். மறுநாளே ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த 85 பில்லியன் டாலர். அந்த வாரக் கடைசியில் நிதித்துறைச் செயலர் ஹென்றி பால்சனின் அலுவலகம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு ஒரு மசோதா வரைவை அனுப்பியது. மொத்தம் மூன்றே பக்கம். வங்கிகளைக் காப்பாற்றக் கேட்ட தொகை 700 பில்லியன் டாலர். அதன் எட்டாவது பிரிவைப் பார்க்க வேண்டும்: செயலர் எடுக்கும் முடிவுகளை எந்த நீதிமன்றமும் எந்த அரசு அமைப்பும் மறுபடி ஆராயக் கூடாது. நம்மூரில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில்கூட இதைவிட நிபந்தனைகள் அதிகம் இருக்கும்.

24ஆம் தேதி இரவு அதிபர் புஷ் தொலைக்காட்சியில் வந்தார். நாடே ஆபத்தில் இருக்கிறது, உடனே செய்தாக வேண்டும் என்றார். பொருளாதார ரீதியில் அவர் சொன்னதில் பெரிய பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குரலை மக்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தார்கள். 2002 அக்டோபரில் இதே மனிதர்தான், கடைசி ஆதாரம் கிடைக்கும்வரை காத்திருந்தால் அது அணுகுண்டுப் புகையாக வந்து நிற்கலாம் என்று பயமுறுத்தினார். அப்போதும் தேர்தலுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. அப்போதும் அவசரம். பிரதிநிதிகள் சபை 296க்கு 133 என்று, போருக்கு அனுமதி தரும் ஈராக் தீர்மானத்தை நிறைவேற்றிக் கொடுத்தது. எதிர்த்து ஓட்டுப்போட்ட குடியரசுக் கட்சிக்காரர்கள் வெறும் ஆறு பேர். அப்புறம் ஈராக் முழுக்கத் தேடியும் அந்தப் பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. போர் என்றால் அரசாங்கம் வரியைக் கூட்டும், மக்களும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவார்கள். ரூஸ்வெல்ட் அதைத்தான் செய்தார். ஜான்சன்கூட வியட்நாமுக்காக 1968இல் 10 சதவீதம் கூடுதல் வரி போட்டார். புஷ் தலைகீழாகப் போனார். 2003 மார்ச்சில் படை ஈராக்கில் நுழைகிறது. மே மாதம் வரிக் குறைப்பு வருகிறது. செனட்டில் ஓட்டு 50க்கு 50 என்று நின்றுவிட, துணை அதிபர் செனி தன் ஓட்டைப் போட்டுக் கரையேற்றினார். போர்ச் செலவை வழக்கமான பட்ஜெட்டில் காட்டாமல் ‘அவசர ஒதுக்கீடு’ என்று வருடா வருடம் தனியாக வாங்கிக்கொண்டார்கள். இறந்த வீரர்களின் சவப்பெட்டிகள் டோவர் விமானப்படைத் தளத்தில் வந்து இறங்கியபோது படம் எடுக்கவும் தடை. மக்களிடம் பணமும் கேட்கவில்லை, பிணத்தையும் காட்டவில்லை. அப்படிப்பட்ட அரசு திடீரென்று ஒருநாள் 700 பில்லியன் கொடு, நம்பு என்றால் யார் நம்புவார்கள்?

செப்டம்பர் 29 அன்று பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு. உறுப்பினர்களின் அலுவலகங்களில் தொலைபேசி ஓயவில்லை. வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ‘வேண்டாம்’ என்றன. மசோதா 205க்கு 228 என்று தோற்றது. பங்குச் சந்தைக் குறியீடான டோ ஜோன்ஸ் ஒரே நாளில் 777 புள்ளி விழுந்தது. புஷ்ஷின் சொந்தக் கட்சியிலேயே எதிர்த்தவர்கள் 133 பேர். ஆறு வருடம் முன்பு ஈராக்கை எதிர்த்த மொத்த ஓட்டும் அதே 133. தற்செயல்தான், ஆனால் எனக்கு இந்த எண் மறப்பதில்லை.

இடையில் ஒரு தகவல்: 25ஆம் தேதி வெள்ளை மாளிகையில் அதிபர் வேட்பாளர்கள் மெக்கெய்னையும் ஒபாமாவையும் ஒரே மேசையில் உட்காரவைத்து நடத்திய கூட்டம் ரகளையில் முடிந்ததே, அதே நாளில்தான் மன்மோகன் சிங்கும் அங்கே போய் புஷ்ஷைச் சந்தித்தார். இந்தியாவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை செனட் நிறைவேற்றியது அக்டோபர் 1. வங்கி மசோதாவின் திருத்திய வடிவத்தை நிறைவேற்றியதும் அன்றைக்கேதான். நம் செய்திகளில் முதலாவதுதான் பெரிதாக ஓடியது.

அக்டோபர் 3இல் மசோதா பிரதிநிதிகள் சபையிலும் தேறியது. அது தேவைதான் என்பது என் கருத்து. வங்கிகளுக்குக் கொடுத்த பணமும் பின்னால் லாபத்தோடு திரும்பி வந்தது. ஆனால் அதைச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடியவில்லை, முடியவும் கூடாது. 2009 மார்ச்சில் அதே ஏஐஜி தன் ஆட்களுக்கு 165 மில்லியன் டாலர் போனஸ் கொடுத்தது. அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. வீட்டுக் கடனில் மூழ்கியவர்களில் 30, 40 லட்சம் பேருக்குத் தவணையைக் குறைத்துத் தருவோம் என்று ஒபாமா அரசு அறிவித்தது. அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூடப் போகவில்லை. வங்கிக்கு மூன்று வாரத்தில் வழி பிறந்தது. வீடு போனவன் படிவத்துக்கு மேல் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான்.

இந்தக் கோபத்தை முதலில் அறுவடை செய்தது 2010இல் பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்த குடியரசுக் கட்சி. ஆனால் கட்சித் தலைவர்களுக்கே அது புரியவில்லை என்பது 2016 பிப்ரவரியில் தெரிந்தது. தென் கரோலினாவில் நடந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் விவாதத்தில், புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ்ஷைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஈராக் போர் மாபெரும் தவறு, பொய் சொல்லித்தான் போனார்கள் என்றார் டிரம்ப். அரங்கில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். ராணுவத்தினர் நிறைந்த மாநிலம், கதை முடிந்தது என்று நிபுணர்கள் எழுதினார்கள். ஒரே வாரத்தில் அங்கே கட்சியின் உள்தேர்தலில் ஜெயித்தது டிரம்ப். போட்டியிலிருந்து விலகியது ஜெப் புஷ். டிரம்ப் பிற்பாடு சொன்னதும் செய்ததும் வேறு. அந்த மேடையில் அவர் தொட்டது நிஜமான காயத்தை.

ஜனநாயகக் கட்சி மட்டும் ஒழுங்கா? 2002இல் அவர்களின் செனட்டர்களில் 29 பேர் ஈராக் தீர்மானத்துக்கு ‘சரி’ என்று ஓட்டுப்போட்டவர்கள். அதில் கெர்ரியை 2004இல் அதிபர் வேட்பாளராக நிறுத்தினார்கள், ஹிலாரியை 2016இல் நிறுத்தினார்கள், பைடனை 2020இல் நிறுத்தினார்கள். நடுவில் ஒருவர்தான் அந்தப் போரை ஆரம்பத்திலேயே எதிர்த்துப் பேசியவர், ஒபாமா. அவரும் அப்போது செனட்டில் இல்லை, சிகாகோவில் ஒரு மாநில சட்டமன்ற உறுப்பினர். இருந்திருந்தால் எப்படி ஓட்டுப்போட்டிருப்பார் என்று கேட்டு இங்கே யாரும் சண்டைக்கு வரலாம், நான் தயார்.