அரிதான பிழை என்று டிக்கெட்டை மூடுவதற்கு முன்

"லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வரும், இப்போதைக்கு விட்டுவிடலாம்." பிழையைப் புகாராகப் பதிந்த டிக்கெட் ஒன்று வந்தால், டேட்டாபேஸ் டூல் எழுதுகிறவர்கள் மத்தியில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. திரையில் ஒரு பட்டன் இடம் மாறித் தெரிகிறது என்றால் சரி, விடலாம். டேட்டாபேஸில் இந்தக் கணக்கு எடுபடாது. பிழை வந்தால் நமக்குத் தெரியவருமா? முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

2018 மார்ச்சில் வெளியே வந்த, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் விவகாரம் இதற்கு நல்ல சாட்சி. டேட்டாபேஸ் எழுதும் தரவு உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை; லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மெமரியில் கொஞ்ச நேரம் கிடக்கும். அதை டிஸ்க்கில் இறக்கச் சொல்லிக் கேட்பதுதான் எஃப்சிங்க். அது தோற்றால் அன்றைய போஸ்ட்கிரெஸ் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, அப்புறம் மறுபடி கேட்கும். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கெர்னலோ பிழையை ஒருமுறை சொன்னதோடு சரி. எழுத முடியாமல் போன பக்கங்களையும் எழுதி முடித்தவையாகக் குறித்துவிடும். அதனால் இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பும். அதை நம்பி, இதுவரையிலான மாற்றங்கள் டிஸ்க்கில் சேர்ந்துவிட்டன என்று குறிக்கும் செக்பாயின்ட் முடியும். மீட்பதற்குக் கையிலிருந்த வால் லாகும் (WAL, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) இனித் தேவையில்லை என்று கழிக்கப்படும். தரவு போனது யாருக்கும் தெரியாது. சுமார் 20 ஆண்டுகள் இப்படித்தான் ஓடியது.

பேக்கப் இருக்கிறதே என்பார்கள். தெரியாமல் விழுந்த ஓட்டை அடுத்த பேக்கப்பிலும் அப்படியே இருக்குமே!

2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பில் இதைத் திருத்தினார்கள், 9.4 வரையிலான பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் போனது. எஃப்சிங்க் தோற்றால் சர்வர் பேனிக் ஆகி நின்றுவிடும். மறுபடி எழும்போது கடைசி செக்பாயின்டிலிருந்து வால் லாகைப் படித்து மீளும். ஓடுகிற சர்வரை வேண்டுமென்றே விழவைப்பதா என்று கேட்கத் தோன்றும். என்னைக் கேட்டால், அவர்கள் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான். நடுராத்திரி சர்வர் விழுந்தால் எழுந்து பார்ப்போம். தப்பான தரவோடு அமைதியாக ஓடினால் யார் பார்ப்பார்கள்?

இதை முன்கூட்டியே சோதிக்க வழியும் உண்டு. எஸ்கியூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸை எழுதும் குழு, டிஸ்க்கில் படிக்கவும் எழுதவும் கேட்கும் ஐ/ஓ அழைப்புகளில் முதலாவதைத் தோற்க வைத்துப் பார்க்கிறது, அப்புறம் இரண்டாவதை, மூன்றாவதை என்று வேலை பிழையில்லாமல் முடியும்வரை. மெமரி கிடைக்காத நிலைக்கும் இதே முறைதான். நம் டூல்களில் எத்தனைக்கு இப்படி ஒரு டெஸ்டாவது இருக்கிறது?

தயவுசெய்து 'மறுபடி வரவைக்க முடியவில்லை' என்று மூடிவிடாதீர்கள். ரீஇண்டெக்ஸ் போட்டு, அதாவது இண்டெக்ஸை மறுபடி கட்டிச் சரிசெய்து, புகார் செய்தவரை அனுப்புவதற்கு முன் சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி எடுங்கள், கெர்னல் லாகையும் சேர்த்து. காரணம் பிடிபடாவிட்டால்கூட, சந்தேகமான அந்த இடத்தில் நிரல் தொடர்ந்து ஓடாமல் நிற்கும்படி ஒரு சோதனை வரியைச் சேர்த்துவிட்டு, டிக்கெட்டைத் திறந்தே வையுங்கள்.