புதுப்பாளையத்துல கேட்டது துப்பாக்கிச் சத்தம் இல்ல

அண்ணே, "கெடிலம் கரையில ரெண்டு பேர் மாத்தி மாத்திச் சுட்டாங்க, இனி கடலூர்ல குடியிருக்க முடியாது"னு குரூப்ல வாய்ஸ் நோட் போட்டிருக்கீங்க. நானும் அந்தத் தெருதான். சத்தம் கேட்டதும் எங்க அம்மா எழுந்து தாழ்ப்பாளை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாங்க. அதனால பயந்ததைத் தப்புன்னு சொல்ல வரல.

ஆனா அது சாவு வேட்டு. விடியக்காலைல பால் வாங்கப் போனப்ப ரோடு முழுக்க சாமந்தி, நடுவுல கருகின காகிதச் சுருள், சணல் நூல். தோட்டா வெடிச்ச இடத்துல காகிதம் எங்கிருந்து வரும்?

"ரெண்டாவது சத்தம் கொஞ்சம் மெதுவா வந்துச்சு, அது எதிராளி சுட்டது"ன்றதும் தப்பு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 170 மீட்டர் தள்ளி ஒரு பெரிய சுவர் இருந்தா, சரியா ஒரு நொடி கழிச்சு எதிரொலி வரும். ராத்திரி ஆத்தங்கரைல கேக்கவே வேணாம்.

யார் வேணாலும் துப்பாக்கி வெச்சுக்கலாம்னு கீழ ஒருத்தர் எழுதியிருக்கார். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம முடியாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ்தாரருக்கே பொதுவா ரெண்டுதான், முன்ன மூணு. கல்யாணத்துல வானத்தைப் பார்த்துச் சுட்டாக்கூட ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம்.

உங்க கோபத்துல ஒரு நியாயம் இருக்கு: ராத்திரி 10 மணிக்கு மேல வெடி போடக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2005லயே சொல்லிடுச்சு. அதுக்கு 112க்குப் போன் பண்ணுங்க. அந்த வாய்ஸ் நோட்டை மட்டும் எடுத்துடுங்க, அம்மா இப்ப மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டு கேக்குறாங்க.