எந்த ராமச்சந்திரன்?

போன மாதம் லேப்பில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கப் போயிருந்தேன். ‘ராமச்சந்திரன்’ என்று கூப்பிட்டார்கள். மூன்று பேர் எழுந்து நின்றோம். என் கைக்கு வந்த தாளில் சர்க்கரை 280. அன்றைக்குப் பார்த்துப் பேத்தியின் பிறந்தநாள். எல்லோரும் பாலடைப் பாயசம் குடிக்க, நான் வெறும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் தெரிந்தது, அது வேறொரு ராமச்சந்திரனின் சர்க்கரை. பாவம், அந்த மனுஷர் என் ரிப்போர்ட்டை நம்பி என்னவெல்லாம் சாப்பிட்டாரோ!

எங்கள் பாலக்காட்டுக் கொல்லங்கோட்டுப் பக்கம் இந்தப் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. பக்கத்து வடவன்னூரில் எம்.ஜி.ஆரின் குடும்ப வீடு நினைவில்லமாக இருக்கிறது. பேத்தியைக் கூட்டிப்போய், “இவருக்கும் தாத்தா பேர்தான்” என்றேன். “எம்.ஜி.ஆர். பேரு எம்.ஜி.ஆர்.தானே தாத்தா?” என்கிறாள். அவள் மேல் தப்பில்லை. பெயரையே ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, இன்ஷியலோடு சேர்த்துப் பெயராக்கிய ஆள் அவர். அவருக்கும் ஆரம்பத்தில் என் கதைதான். டி.ஆர். ராமச்சந்திரன் 1941-இல் ‘சபாபதி’யில் கதாநாயகனாகப் பேர் வாங்கிவிட்டார். அந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் இவர் பெயர் பழைய படங்களில் ‘ராம்சந்தர்’ என்று வந்தது என்பார்கள்.

அப்புறம் ஒருநாள், உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்த மகள் போனில், “அப்பா, நாளைக்கு ராமச்சந்திரன் பிளாட் பரீட்சை” என்றாள். பிளாட் என்றதும் எனக்கு வீட்டு மனைதான் ஞாபகம் வந்தது. எந்த ஊரில், எத்தனை சென்ட் என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அது ஜி.என். ராமச்சந்திரன். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும் என்று ஒரே கட்டத்தில் காட்டுகிற வரைபடம்தான் அந்த பிளாட். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-இல் வெளியிட்டார். பேர் மட்டும் இவருக்கு நின்றது. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். இன்றைக்கும் உலகத்தில் எங்கே புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் சரியா தப்பா என்று அந்தக் கட்டத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே 1954-இல், தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கிறது என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னவர். இத்தனைக்கும் நம் ஊரில் யாரிடமாவது கேளுங்கள், “எந்த ராமச்சந்திரன்?” என்பார்கள்.

இன்னொருவர், சென்னை ஸ்டான்லியில் டாக்டருக்குப் படித்து அமெரிக்கா போன நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். கையை எடுத்துவிட்ட பிறகும் இல்லாத கை சிலருக்கு வலிக்கும். அதற்கு இவர் கொண்டுவந்தது ஒரு பெட்டி, நடுவில் முகம் பார்க்கிற கண்ணாடி, அவ்வளவுதான். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். அதை விரித்து மூடினால் சிலருக்கு வலி குறைந்தது.

வெளிநாட்டில் ராமச்சந்திரன் என்பது குடும்பப் பெயர் போல ஆகிவிட்டது. எம்.ஜி.ஆர்., ஜி.என்., வி.எஸ். மூவருக்கும் முன்னால் இருக்கிற முதல் எழுத்தை விரித்துப் பாருங்கள்: மருதூர், கோபாலசமுத்திரம், விளையனூர். மூன்றிலும் ஊர் வாசனை. விளையனூர் என்று எங்கள் பாலக்காட்டு ஜில்லாவிலேயே ஓர் ஊர் உண்டு. அடுத்த எழுத்துதான் அப்பா.

ஜாதிப் பெயரைப் பின்னால் தொங்கவிடாமல் இன்ஷியலோடு நிறுத்தியது தமிழர்கள் செய்த நல்ல காரியம் என்பது என் கட்சி. ஆனால் நாமாகவே ஊர் எழுத்தை ஏன் கழற்றிப் போட்டோம்? மலையாளிகள் வீட்டுப் பெயரை விடாமல் வைத்திருக்கிறார்கள். இங்கே அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் மிச்சம். அதையும் பல படிவங்களில் பெயருக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். வங்கியில் ‘சர்நேம் என்ன?’ என்று கேட்டால் செத்துப்போன அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

நேற்று மறுபடி அதே லேப். இந்தத் தடவை விடவில்லை. ஊர், அப்பா பேர், தெரு எல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே எழுதினாள். ரசீதைப் பார்த்தேன்.

‘ராமச்சந்திரன், 61, ஆண்.’