லிப்ட் நின்ற பிறகு மூன்றாம் மாடி ஆயாவை யார் தூக்குவது?

எல்லா அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் லிப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: 'தீ விபத்தின்போது லிப்டைப் பயன்படுத்தாதீர்கள். படிக்கட்டு வழியாக இறங்குங்கள்.' சரியான அறிவுரைதான். லிப்ட் ஓடும் குழி வழியாகப் புகை மேலே ஏறும், மின்சாரம் போனால் உள்ளே இருப்பவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார். ஆனால் எண்பது வயதில், இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், படிக்கட்டின் பக்கமே வருடக்கணக்கில் போகாத ஒருவருக்கு அந்த அறிவிப்பு என்ன சொல்கிறது? எனக்குத் தெரிந்து ஒன்றுமே சொல்லவில்லை.

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை என்று எங்கே பார்த்தாலும் பழைய தனி வீடுகளை இடித்துவிட்டு, கீழே வண்டி நிறுத்தமும் மேலே நான்கு மாடியுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தரையில் திண்ணையோடு வாழ்ந்த மனிதர்களுக்கு மூன்றாம் மாடியில் ஒரு பிளாட் கிடைக்கிறது. 'லிப்ட் இருக்கிறதே' என்பதுதான் பிள்ளைகள் சொல்லும் ஒரே சமாதானம். அந்த லிப்ட் மின்வாரியத்தின் தயவில் ஓடுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லிப்ட் நிற்கும். ஜெனரேட்டரைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தால் அதுவும் மூழ்கும். மோட்டார் ஓடாது, மேல்தொட்டியில் தண்ணீர் தீரும். பிறகு படகு வரும். வடசென்னையில் படகுக்கும் அதை ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. 2015 வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை நகரத்துத் தெருக்களுக்கே கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். படகு வாசல் வரை வந்துவிடும். மூன்றாம் மாடி கட்டிலிலிருந்து அந்த வாசல் வரைக்கும் ஆயாவைக் கொண்டுவருவது யார் பொறுப்பு? மீட்புக் குழுவிடம் எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்ற விவரம் இருக்காது. அசோசியேஷனிடமும் இருக்காது. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பட்டியல் மட்டும் எப்போது கேட்டாலும் கிடைக்கும்.

அந்த ஐம்பது அறுபது படிகள் அக்கம்பக்கத்தாரின் பொறுப்பு, யார் யாரைத் தூக்குவது என்று இன்றைக்கே பெயர் போட்டு எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பிள்ளைகள் பொறுப்பு என்று சொல்லி நழுவ முடியாது. ஒரு பிள்ளை சிறுசேரியில் வேலையில் இருப்பான், இன்னொரு பிள்ளை துபாயில்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் திருவொற்றியூர் அரிவாக்குளத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2021 டிசம்பர் 27 அன்று அங்கே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகள், இடிந்து தரையோடு போனது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. விரிசலைக் கண்டதும் குடியிருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். யாராவது வந்து இறக்கிவிடுவார்கள் என்று காத்திருக்கும் அளவுக்கு அந்தக் கட்டடம் அவகாசம் கொடுக்கவில்லை.

தீ விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. தூக்கு, இறக்கு என்று அவசரப்படுவதே சில நேரம் ஆளைக் கொன்றுவிடும். நம் கட்டடங்களில் மின்சார மீட்டர் பலகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் படிக்கட்டின் காலடியில். அதற்குப் பக்கத்திலேயே இரு சக்கர வண்டிகள், இப்போது சார்ஜில் போட்ட மின் ஸ்கூட்டர்களும். அங்கே தீப்பிடித்தால் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். புகை நிறைந்த படிக்கட்டில் ஒரு முதியவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைவிட, வீட்டுக்குள் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி அடைத்து, தெருப்பக்கத்து பால்கனிக்குக் கொண்டுபோய், 101-க்கோ 112-க்கோ மாடி எண்ணோடு தகவல் சொல்வது பல நேரம் பாதுகாப்பானது. தீ அவர்கள் வீட்டிலேயே என்றால் கதை வேறு, உடனே வெளியே கொண்டுவந்து, அந்தக் கதவைச் சாத்திவிட வேண்டும். எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 இரவு அமோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடினார்களே, அந்த மாதிரி வாயுக் கசிவுக்குக் கணக்கே தனி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பார்க்காமல் ஓடக் கூடாது.

இனி தூக்கும் விஷயம். இதற்கென்றே தயாரான நாற்காலிகள் உண்டு. அடியில் உள்ள பட்டை படி விளிம்பைப் பற்றிக்கொண்டு மெதுவாக வழுக்கி இறங்கும், பழகிய ஒருவரே ஓர் ஆளை இறக்கிவிடலாம். மலிவானதில்லை, ஆனாலும் எல்லா வீடுகளும் பங்கிட்டால் தாங்கும். வாங்குவதற்கு முன் உங்கள் படிக்கட்டை அளந்து பாருங்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பழைய கட்டடங்களில் திருப்பத்தில் முக்கோணப் படிகள் இருக்கும், அங்கே அது திரும்பாது. அப்படிப்பட்ட இடத்தில் கைப்பிடியுள்ள கனத்த மர நாற்காலி போதும். ஒருவர் மேலே நின்று முதுகுப் பக்கத்தைப் பிடிக்க, ஒருவர் கீழே முன்கால்களைப் பிடிக்க, மூன்றாமவர் கீழே நிற்பவரின் முதுகில் கை வைத்துப் படி சொல்லிக்கொண்டே இறங்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், கால் விரிந்துவிடும். முதல் ஒத்திகையில் ஆயாவை உட்கார வைக்காதீர்கள். செயலாளரை உட்கார வையுங்கள். படிக்கட்டில் செருப்பு அலமாரியும் பூந்தொட்டியும் உடைந்த கட்டிலும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்பது அன்றைக்கு அவருக்கே புரியும்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு தடை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூச்சம். எங்கள் கட்டடத்தில் ஒரு தாத்தா இருக்கிறார், வாலிபத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 'வெள்ளம் வந்தால் உங்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிவிடுவோம்' என்று சொன்னதற்கு, 'என்னையா? நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போங்கள்' என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு பாட்டிக்குச் சிறுநீர்ப் பை மாட்டியிருக்கிறது, வேற்று ஆண்பிள்ளை தொடுவதை நினைத்தாலே அழுகிறார். அவர் வீட்டுக்கு இரண்டு பெண்களின் பெயரைத்தான் எழுத வேண்டும். இதையெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு பேச முடியாது. வெயில் காலத்தில், காபி குடித்துக்கொண்டே பேச வேண்டிய பேச்சு.

மழைக்கு ஒரு வசதி உண்டு, அது சொல்லிவிட்டு வருகிறது. சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே, லிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும், மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவியை நம்பி இருப்பவர்களையும், மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு முதல் மாடியில் ஓர் அறை ஒதுக்கினால் போதும். மருந்து, மூக்குக் கண்ணாடி, காது கருவி, பல்செட் எல்லாம் ஒரே பையில். கடைசியாக, லிப்டை மேல் மாடியில் நிறுத்தி மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பெட்டி நனையாமல் இருந்தால் தண்ணீர் வடிந்த பிறகு பழுது பார்க்கும் வேலை அந்த அளவுக்குக் குறையும்.

அடுத்த கூட்டத்தில் எங்கள் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடிப்பது பற்றிப் பேசப்போகிறார்களாம், நிறம் குறித்து இப்போதே இரண்டு கட்சி. நான் வேறு மூன்றைக் கேட்கப்போகிறேன்: வீட்டுவாரியாகத் தூக்குபவர்களின் பெயர்ப் பட்டியல், ஓர் ஒத்திகை, மொட்டை மாடிக் கதவுக்கும் இரவில் பூட்டும் இரும்புக் கேட்டுக்கும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு சாவி. இப்போது இருப்பது ஒரே ஒரு சாவி, அது பொருளாளரிடம் இருக்கிறது. அவர் வாரக் கடைசிகளில் தாம்பரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்.