தேசிய விருதுப் பட்டியலின் கடைசிப் பக்கம்

இந்தியாவில் தேசிய திரைப்பட விருது அறிவித்தால் போதும், யாழ்ப்பாணத்து முகநூலிலும் சண்டை தொடங்கிவிடும். 'சிவாஜிக்கே கொடுக்காதவர்கள்' என்று ஒருவர் ஆரம்பிப்பார். உண்மைதான், சிறந்த நடிகர் விருது அவருக்கு ஒருமுறையும் கிடைக்கவில்லை. 'தேவர் மகன்' படத்துக்குச் சிறப்பு விருது அறிவித்தபோது அவர் அதை ஏற்கவும் இல்லை. எம்.ஜி.ஆருக்கு 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்குக் கிடைத்தது. இதை வைத்தே இரவு முழுக்கக் கதைப்பார்கள். 2025 இல் அறிவித்த 71 ஆவது விருதுகளில் 'பார்க்கிங்' சிறந்த தமிழ்ப் படமானபோதும், எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது கிடைத்தபோதும் எங்கட பெடியள் போட்ட பதிவுகளைப் பார்த்தேன். எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் நான் தேடிப் படிப்பது அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தை. யாரும் பகிராத பக்கம் அது. அங்கேதான் மொழி மொழியாக விருதுகள் இருக்கின்றன. அங்கீகரித்த மொழிகளைப் பட்டியலிடும் இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளுக்கு மட்டுமல்ல, அதற்கு வெளியே இருக்கும் மொழிப் படங்களுக்கும் இடம் உண்டு. மேகாலயாவின் காசி மொழிப் படம், துளுப் படம் எல்லாம் வரும். 65 ஆவது விருதுகளில் 'சிஞ்சார்' என்றொரு படத்துக்குக் கொடுத்தார்கள். ஜசரி மொழியில் எடுத்த படம். லட்சத்தீவில் பேசுகிற மொழி. 2011 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவுக்கூட்டம் முழுவதிலும் சேர்த்தே 65,000 பேர் கூட இல்லை. படத்தின் இயக்குநருக்கு அறிமுக இயக்குநருக்கான விருதும் சேர்ந்து கிடைத்தது. எங்கட குடாநாட்டுச் சனத்தொகையில் ஒரு மூலைக்குக் காணாத சனம், அவர்கள் மொழியில் ஒரு படம், அதற்கு டெல்லியில் ஒரு மேடை!

இந்த விருதில் குறை இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. 2018 இல் ஜனாதிபதி ஒரு சிலருக்கு மட்டும் கையால் கொடுத்துவிட்டு மற்றவர்களை அமைச்சரிடம் வாங்கச் சொன்னார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் விழாவுக்கே போகவில்லை. கேரளாவைத் தவறாகக் காட்டுகிறது என்று விமர்சிக்கப்பட்ட 'த கேரளா ஸ்டோரி'க்குச் சிறந்த இயக்குநர் விருது கொடுத்தபோது கேரள முதலமைச்சரே கண்டித்தார். ஆளும் கட்சியின் மூச்சு நடுவர்களின் கழுத்தில் படுகிறது என்ற குற்றச்சாட்டை நான் தள்ளிவிடமாட்டேன். அது வேறு. சிறிய மொழிக்கென்று ஆண்டுதோறும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறார்களே, அந்த ஏற்பாட்டைத்தான் நான் மதிக்கிறேன்.

அதன் பலன் எங்களுக்கும் வந்திருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் உயரமாக அன்ரெனா போட்ட வீடுகளில் தூர்தர்ஷன் எடுபட்டது. ஞாயிறு மத்தியானங்களில் விருது பெற்ற மலையாள, வங்காளப் படங்கள் கீழே ஆங்கில எழுத்துகளோடு ஓடும். இப்போது படம் எடுக்கிற, படத்தைப் பற்றி எழுதுகிற எங்கட ஆட்கள் சிலருக்கு அதுதான் முதல் பள்ளிக்கூடம்.

அப்புறம் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். 'கோகிலா'வுக்கும் 'மூன்றாம் பிறை'க்கும் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கினார். 'வீடு' சிறந்த தமிழ்ப் படமானது, அதில் நடித்த அர்ச்சனா சிறந்த நடிகையானார். 'தலைமுறைகள்' படத்துக்கு விருது வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் இங்கேயே இருந்திருந்தால் எந்த மேடையில் ஏறியிருப்பார் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

எங்கள் இலங்கையிலும் 1979 இல் ஜனாதிபதி திரைப்பட விருது தொடங்கியது. இடையிடையே நின்றும் போனது. இங்கே தமிழ்ப் படம் எடுக்காமலா இருந்தார்கள்? யாழ்ப்பாணத்து மண்ணிலேயே 'குத்துவிளக்கு' 1972 இல் வந்தது. யாழ்ப்பாண வளாகத்தில் படிப்பித்த தர்மசேன பத்திராஜ 1977 இல் 'பொன்மணி' எடுத்தார், ஒரு சிங்களக் கலைஞர் எங்கட வீட்டுக்குள் வந்து எங்கட சாதியையும் சீதனத்தையும் பார்த்து எடுத்த படம். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள். படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. இயக்குநர் கே. வெங்கட்டைக் கொன்றார்கள். இந்தியாவில் விருது பெற்ற படங்களைப் புனேயில் உள்ள திரைப்பட ஆவணக் காப்பகம் சேர்த்து வைக்கிறது. இங்கே எத்தனையோ தமிழ்ப் படங்களின் பெயரை மட்டும்தான் எங்கட பிள்ளைகளுக்குச் சொல்ல முடிகிறது, போட்டுக் காட்டக் கொப்பி இல்லை.

இப்போதும் எடுக்கிறார்கள். கோண்டாவில், கொக்குவில் பக்கம் கலியாண வீடியோ எடுக்கிற பெடியள்தான் முக்கால்வாசிப் பேர். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, கமரா சும்மா கிடக்கும், அந்த மாதங்களில்தான் படப்பிடிப்பு. பக்கத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கர் ஓயும்வரை காத்திருந்து ஒரு வசனத்தை ஒலிப்பதிவு செய்கிறார்கள். அதே கமராவைத் தைப்பொங்கலுக்குப் பிறகு மாலை மாற்றும் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி நடித்த 'தீபன்' 2015 இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வென்றது. விசாகேச சந்திரசேகரம் வடக்கைப் பின்னணியாக வைத்துத் தமிழில் எடுத்த படத்துக்கு 2023 இல் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் சிறப்பு நடுவர் விருது கிடைத்தது. பாராட்டு எல்லாம் கடல் கடந்துதான் வர வேண்டுமா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அரசு விருது எந்த ஆட்சியிலும் நிற்காமல் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். தமிழ்ப் படத்துக்கும் தமிழ்க் குறும்படத்துக்கும் அதில் நிரந்தர இடம் வேண்டும், அதைத் தமிழ் தெரிந்த நடுவர்கள் பார்க்க வேண்டும். வென்ற படம் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அட்டனிலும் திரையில் ஓட வேண்டும், அதன் கொப்பி ஒன்று அரசின் பொறுப்பில் இருக்க வேண்டும். திரைப்படக் கூட்டுத்தாபனம் 1972 இல் இருந்து இருக்கிறது, புதிதாக ஒன்றையும் கட்டத் தேவையில்லை.

வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் கலாசாரத்துக்கான ஒதுக்கீடு வருகிற நாளில் எங்கட பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. இதை வாசிக்கிறவர்களில் அவர்களோடு கதைக்கக்கூடியவர்கள் இருக்கிறீர்கள். தயவுசெய்து கதையுங்கள்.