வட்டமாகப் போட்ட கையெழுத்து

ஷோகன் என்ற ராணுவத் தலைவர்கள் ஆண்ட காலத்து ஜப்பான் என்றதும் பலருக்கும் சாமுராயும் அவன் இடுப்பு வாளும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஒரு தாள்தான் ஞாபகம் வரும். நடுவில் வெற்றிடம், அதைச் சுற்றி வட்டமாகப் பெயர்கள். விரித்த குடையை மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். அதனால்தான் அதைக் காகிதக் குடையின் பெயரால் 'கராகாசா ரென்பான்' என்கிறார்கள். அநியாய வரியை எதிர்த்து விவசாயிகள் சேர்ந்து கையெழுத்திட்ட தாள் அது.

ஏன் வட்டம்? மேலிருந்து கீழாக எழுதினால் முதல் பெயர்க்காரனைத்தான் தலைவன் என்று பிடிப்பார்கள். வட்டத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. வாளைவிட எனக்கு இதுதான் பெரிய வீரமாகப் படுகிறது.

அந்தச் சமூகம் முழுக்க அரிசியின்மேல் நின்றது. 1603இல் டோகுகவா இயயாசு ஷோகன் ஆனார். அவர் வம்சத்தின் ஆட்சியில் ஒரு பிரபுவின் தகுதியையே 'கொகு' கணக்கில்தான் சொன்னார்கள். ஒரு கொகு என்பது சுமார் 150 கிலோ அரிசி, ஓர் ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாடு. 10,000 கொகு விளையும் நிலம் இருந்தால்தான் 'டைமியோ', அதாவது பெரிய பிரபு. சரி, அந்த அரிசியை விளைவித்தது யார்? மக்களில் பெரும்பான்மையாக இருந்த விவசாயிகள். விளைச்சலில் பத்தில் நான்கு பங்கு, பல இடங்களில் பாதி, வரியாகப் போய்விடும். பலரும் மிஞ்சிய அரிசியை விற்றுவிட்டுப் பார்லியும் தினையும் சாப்பிட்டார்கள். அவர்களிடமிருந்த ஆயுதங்களை டோகுகவாக்களுக்கு முன் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி 1588இலேயே பறித்திருந்தார். போதாததற்கு ஐந்து வீட்டுக்கு ஒரு குழு. ஒரு வீடு வரி கட்டாவிட்டால் மற்ற நான்கும் பொறுப்பு.

இப்படிப்பட்ட நாட்டில்தான், இன்றைய கிஃபு மாகாணத்தில் இருக்கும் குஜோ பகுதி மக்கள் 1754இல் எழுந்தார்கள். ஆண்டுதோறும் ஒரே அளவாக இருந்த வரியை மாற்றி, வருமானத்தைக் கூட்டுவதற்காக அந்தந்த வருட விளைச்சலை அளந்து வசூலிக்க அந்தப் பகுதியின் பிரபு கனமோரி முடிவு செய்ததுதான் காரணம். அடுத்த ஆண்டு சிலர் ஷோகன் இருந்த எடோவுக்கே (இன்றைய டோக்கியோ) போய், ஷோகனின் மூத்த அமைச்சர் ஒருவரின் பல்லக்கை வழியில் மறித்து மனுக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுப்பது குற்றம், தெரிந்தேதான் செய்தார்கள். அதிலும் தீரவில்லை. 1758இல், எட்டாவது ஷோகன் யோஷிமுனே 1721இல் வைத்த மனுப்பெட்டியில் மறுபடியும் மனுப் போட்டார்கள்.

விசாரணை நடந்தது. கனமோரியிடமிருந்து அவர் ஆண்ட பகுதி பறிக்கப்பட்டது. அவருக்குத் துணை நின்ற மூத்த அமைச்சர் ஒருவரின் பதவியும் போனது. விவசாயிகள் சொன்னது நியாயம் என்று ஆட்சியே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் படிக்கிறேன்.

ஆனாலும் மனுக் கொடுத்தவர்களை விடவில்லை. பத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை, அவர்களில் சிலரின் தலைகளைப் பார்வைக்கு வைத்தார்கள். தண்டனை பெற்ற பிரபுவுக்கோ உயிர் மிஞ்சியது, மொரியோகா பிரபுவின் காவலில் வைக்கப்பட்டார்.

டோகுகவா ஷோகன்கள் ஆண்ட இந்த எடோ காலத்தை 'இரண்டரை நூற்றாண்டு அமைதி' என்று புகழ்கிறவர்கள் உண்டு. பெரிய போர்கள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நியாயம் கேட்டு ஜெயித்தவனும் தலையைக் கொடுக்க வேண்டியிருந்த ஒரு காலத்தை அமைதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.